சாயம் ஏற்றாமல் உயிரணுவைப் பார்க்க முடியுமா?



எங்கள் தோட்டப் பள்ளியில் ஒரு நாள் வெங்காயத்தின் மெல்லிய சவ்வை உரித்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். கண்ணாடித்தாள் போல் இருந்ததே தவிர ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. ஒரு சொட்டு அயோடின் விட்டதும் கட்டம் கட்டமாக உயிரணுக்கள் தெரிந்தன. மாணவர்கள் கை தட்டினார்கள். ஒரு சிறுமி மட்டும், "சார், மருந்து விட்ட பிறகு அது உயிரோட இருக்குமா?" என்று கேட்டாள்.

பெரும்பாலும் இருக்காது என்பதே உண்மை. உயிரணு ஒளியைத் தடுப்பதில்லை. ஆகவே சாயம் ஏற்றித்தான் அதைப் பார்த்து வந்தார்கள். மலேரியாக் காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால், விரலில் குத்தி எடுத்த இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் ஏற்றியே கிருமியைத் தேடுவார்கள். இன்றும் அம்முறை இருக்கிறது. ஆனால் இரப்பர்ப் பாலில் திராவகம் ஊற்றினால் கட்டியாகிவிடுகிறதே, அதன்பின் அது பாலாகுமா? சாயம் ஏற்றிய உயிரணுவின் கதையும் ஏறத்தாழ அதுதான்.

கொல்லாமல், சாயமும் ஏற்றாமல் உயிரணுவுக்குள் எது எங்கே இருக்கிறது என்று அறிய வழி உண்டா? உண்டு. அந்த வழிக்கே ஒரு தமிழரின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனால், "அப்பா, கடல் ஏன் நீலமா இருக்கு?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. திருச்சியில் 1888-இல் பிறந்த சி. வி. இராமனும் அதையே கேட்டார். 1921-இல் இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்பியபோது, மத்தியதரைக் கடலின் நீலம் அவரை உறங்கவிடவில்லை. வானத்தின் நிறமே கடலில் தெரிகிறது என்று அறிஞர்கள் சொல்லி வந்தார்கள். இராமன் அதை ஏற்கவில்லை; தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று காட்டினார்.

அந்தத் தேடல் 1928 பிப்ரவரி 28-இல் கல்கத்தாவில் கனிந்தது. உடன் உழைத்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். சூரிய ஒளியையும் நிறக் கண்ணாடிகளையும் கொண்டே சுமார் 60 திரவங்களைச் சோதித்தார்கள். 1930-இல் இராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவர்கள் கண்டது என்ன? ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளி பெரும்பாலும் வந்த நிறத்திலேயே திரும்புகிறது. ஏறக்குறைய கோடியில் ஒரு துகள் மட்டும் நிறம் மாறி வருகிறது. பொருளின் மூலக்கூறுகள் எப்போதும் அதிர்ந்துகொண்டே இருப்பதுதான் காரணம். கண்ணை மூடியிருந்தாலும் இது தவில், இது உறுமி என்று ஓசையை வைத்துச் சொல்லிவிடுகிறோம் அல்லவா? அதுபோல் கொழுப்புக்கு ஓர் அதிர்வு, புரதத்துக்கு வேறோர் அதிர்வு. மாறிய நிறத்தைப் படித்தால் பொருளின் பெயர் தெரிந்துவிடும்.

இதைத்தான் இராமன் நுண்ணோக்கி செய்கிறது. லேசர் ஒளியைப் புள்ளி புள்ளியாகப் பாய்ச்சி, எங்கே கொழுப்பு, எங்கே புரதம் என்று கணினி ஒரு படம் வரைகிறது. இந்த முறையில் தண்ணீரின் குரல் மிகச் சன்னமானது. ஆகவே நீரில் வாழும் உயிரணுவை அப்படியே பார்க்கலாம். நெதர்லாந்து அறிஞர்கள் 1990-இல் தனி உயிரணுக்களை உயிரோடு ஆராய்ந்து முடிவை வெளியிட்டார்கள். ஆனால் கோடியில் ஒரு துகளுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒளியைக் கூட்டினாலோ உயிரணு கருகிவிடும். 2008-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தார் இரண்டு லேசர்களைச் சேர்த்து அந்தக் காத்திருப்பைப் பெரிதும் குறைத்தார்கள். இன்று மூளைக் கட்டி அறுவையின்போது, வெட்டியெடுத்த சதையைச் சாயமின்றிச் சில நிமிடங்களில் பார்த்து, அது கட்டியா நல்ல சதையா என்று மருத்துவர்கள் அறிய இம்முறை உதவுகிறது.

மறுநாள் வகுப்பில் இதையெல்லாம் சொன்னேன். "அந்த மிஷின்ல வச்சா வெங்காயம் சாகாதா சார்?" என்றாள் அச்சிறுமி. "பக்குவமாகப் பார்த்தால் சாகாதம்மா" என்றேன்.

பெற்றோர்களே, வெயிலில் உழைத்துக் களைத்து வீடு திரும்பும் நேரத்தில் பிள்ளை ஏதாவது கேட்டால், "சும்மா இரு" என்று அடக்கிவிடாதீர்கள். விடை தெரியாவிட்டால், "நாளைக்கு வாத்தியாரைக் கேள்" என்று சொல்லி அனுப்புங்கள். கடல் ஏன் நீலம் என்ற கேள்விதான் இன்று உயிரணுவுக்குள் விளக்காக எரிகிறது.