சீட்டு மதிப்பீடு (மேஜிக்: த கேதரிங்)

சீட்டு மதிப்பீடு என்பது மேஜிக்: த கேதரிங் என்னும் சேகரிப்புச் சீட்டு விளையாட்டில், ஒரு சீட்டு போட்டிகளில் வெற்றி பெற எந்த அளவுக்கு உதவும் என்பதைக் கணிக்கும் முறை ஆகும். இவ்விளையாட்டை அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கினார். விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1993ஆம் ஆண்டு இதனை வெளியிட்டது. இதுவரை 25,000க்கும் மேற்பட்ட வெவ்வேறு சீட்டுகள் வெளிவந்துள்ளன. அவற்றுள் பெரும் போட்டிகளில் தொடர்ந்து ஆடப்படுபவை மிகச் சிலவே.

வழக்கமான ஆட்டத்தில் இரு ஆட்டக்காரர்கள் தலா 20 உயிர்ப்புள்ளிகளுடன் தொடங்குவர். ஒவ்வொருவரும் தாமே தெரிவு செய்த குறைந்தது 60 சீட்டுகள் கொண்ட கட்டுடன் ஆடுவர். அடிப்படை நிலச் சீட்டுகள் தவிர்ந்த எந்தச் சீட்டும் ஒரு கட்டில் நான்குக்கு மேல் இருத்தல் ஆகாது. தொடக்கத்தில் ஏழு சீட்டுகளும், பின்னர் முறைக்கு ஒரு சீட்டும் கைக்கு வரும். முறைக்கு ஒரு நிலச் சீட்டை மட்டுமே களத்தில் இறக்கலாம். நிலங்கள் மானா எனப்படும் ஆற்றலைத் தரும்; ஏனைய சீட்டுகளை ஆட அந்த மானாவைச் செலவிட வேண்டும். ஆகவே இவ்விளையாட்டில் அருமையான வளங்கள் இரண்டு: ஒன்று மானா, மற்றொன்று சீட்டு. ஒரு சீட்டின் வலிமையைப் பற்றிய எந்தப் பேச்சும் இவ்விரண்டிலிருந்தே தொடங்குகிறது.

அடிப்படை அளவுகோல்கள்

ஒரே பயனைத் தரும் இரு சீட்டுகளில் குறைந்த மானா கேட்பதே சிறந்தது என்பது வெளிப்படை. மூன்று மானா சீட்டை மூன்றாம் முறைக்கு முன் ஆடுவது பெரும்பாலும் இயலாது. ஏழு மானா சீட்டோ பல ஆட்டங்களில் கையிலேயே தங்கிவிடும்.

இரண்டாவது அளவுகோல் சீட்டு முன்னிலை எனப்படுகிறது. ஒரு சீட்டைச் செலவிட்டு எதிரியின் ஒரு சீட்டை அழித்தால் கணக்கு சமம். ஒன்றைச் செலவிட்டு இரண்டை அழித்தாலோ, இரண்டைக் கையில் பெற்றாலோ முன்னிலை கிடைக்கிறது. இக்கருத்தைப் பரவலாக்கியதில் பிரையன் வைஸ்மன் 1990களின் நடுப்பகுதியில் அமைத்த 'த டெக்' என்னும் கட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

நிகழ்தகவையும் மறத்தலாகாது. 60 சீட்டுக் கட்டில் நான்கு படிகள் உள்ள ஒரு சீட்டு, தொடக்க ஏழு சீட்டுகளில் ஒன்றாக வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு. பத்துச் சீட்டுகளைப் பார்த்த பின்னரும் அது ஏறத்தாழ 53 விழுக்காடே. ஒரு குறிப்பிட்ட துணைச்சீட்டு இருந்தால்தான் பயன்படும் சீட்டுகள் தாளில் தோன்றுவதைவிட ஆட்டத்தில் வலிமை குன்றியிருப்பதற்கு இதுவே காரணம்.

மூன்று தரும் ஐந்து சீட்டுகள்

சீட்டு மதிப்பீட்டைக் கற்போருக்கு 1993ஆம் ஆண்டின் முதல் தொகுப்பிலேயே சிறந்த எடுத்துக்காட்டு உள்ளது. ஐந்து நிறங்களுக்கும் ஒவ்வொன்றாக அமைந்த ஐந்து சீட்டுகள் அவை. ஒவ்வொன்றின் விலையும் ஒரு மானா. ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றை மூன்று அளவில் தருகிறது. எண்களை மட்டும் பார்த்தால் ஐந்தும் சமம்.

வெள்ளை நிறத்தின் ஹீலிங் சால்வ் மூன்று உயிர்ப்புள்ளிகளைக் கூட்டும், அல்லது மூன்று சேதத்தைத் தடுக்கும். இது களத்தின் நிலையை மாற்றுவது அரிது. தாக்கும் உயிரி அடுத்த முறையும் தாக்கும், சீட்டோ செலவாகிவிட்டது. ஐந்தில் இதுவே மிக வலிமை குன்றியது. பச்சையின் ஜயன்ட் குரோத் ஓர் உயிரிக்கு அம்முறை முடியும் வரை மூன்று தாக்கும் ஆற்றலையும் மூன்று தாங்கும் ஆற்றலையும் தரும். ஆயினும் எதிரி அதற்கு மறுமொழியாக அவ்வுயிரியைக் கொன்றுவிட்டால், ஒரு சீட்டுக்கு இரண்டு சீட்டுகளை இழக்க நேரும்.

சிவப்பின் லைட்னிங் போல்ட் மூன்று சேதம் விளைவிக்கும். தொடக்கத்தில் உயிரிகளை அழிக்கும். இறுதியில் எதிரியின் எஞ்சிய உயிர்ப்புள்ளிகளை முடிக்கும். எந்த நிலையிலும் வீணாகாத இச்சீட்டு இன்றும் சிறந்த சீட்டுகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. கறுப்பின் டார்க் ரிச்சுவல் ஒரு மானாவை மூன்றாக்கும். முதல் முறையிலேயே மூன்று மானா சீட்டை ஆட இது வழிசெய்யும். ஆனால் ஆட்டம் நீண்டபின் கைக்கு வந்தால் பெரும்பாலும் பயனற்றது.

நீலத்தின் ஆன்செஸ்ட்ரல் ரீகால் மூன்று சீட்டுகளைக் கைக்குத் தருகிறது. மற்ற நான்கும் ஒரு சீட்டைச் செலவிட்டு வேறொன்றை வாங்குகின்றன. இது ஒன்றே செலவிட்ட சீட்டையும் மீட்டு மேலும் இரண்டைத் தருகிறது. சீட்டுகளே எல்லாப் பயன்களுக்கும் மூலம் ஆதலால் இதன் வலிமை ஒப்பற்றது. வடிவமைப்பாளர்களும் இதனை ஓரளவு உணர்ந்திருந்தனர் எனலாம்: மற்ற நான்கும் பொதுச் சீட்டுகளாக அச்சிடப்பட, இது மட்டும் அரிய சீட்டாக அச்சிடப்பட்டது. இன்று வின்டேஜ் போட்டி முறையில் ஒரு கட்டில் ஒரு படிக்கு மேல் வைக்க இயலாது. லெகசி முறையில் முற்றிலும் தடை.

சூழலின் பங்கு

ஒரு சீட்டை நான்கு நிலைகளில் வைத்துப் பார்ப்பது பரவலான முறை: ஆட்டத் தொடக்கம், சமநிலை, முன்னிலை, பின்தங்கிய நிலை. முன்னிலையில் மட்டும் பயன்படும் சீட்டுகள் புதியவர்களை எளிதில் ஏமாற்றும். அவை வென்ற ஆட்டங்கள் நினைவில் நிற்கின்றன. ஆனால் அவை இல்லாமலும் அந்த ஆட்டங்கள் வெல்லப்பட்டிருக்கும்.

எதிரியின் மறுமொழியையும் கணக்கிட வேண்டும். பேன்ஸ்லேயர் ஏஞ்சல் ஐந்து மானாவுக்குப் பறக்கும் பெரிய உயிரியைத் தருகிறது. எதிரி சோர்ட்ஸ் டு பிளவ்ஷேர்ஸ் என்னும் ஒரு மானா சீட்டால் அதை உடனே நீக்கிவிட்டால் ஐந்து மானாவும் வீண். மல்டிரிஃப்டர் என்பதும் ஐந்து மானா உயிரியே, உருவில் சிறியது. ஆயினும் களத்துக்கு வந்தவுடன் இரண்டு சீட்டுகளைத் தந்துவிடுவதால், அதன் பின் அது அழிக்கப்பட்டாலும் இழப்பில்லை.

சூழல் மாறினால் மதிப்பும் மாறும். 1996இல் வெளிவந்த லயன்ஸ் ஐ டயமண்ட் விலையின்றி மூன்று மானா தரும். ஆனால் கையிலுள்ள எல்லாச் சீட்டுகளையும் கல்லறைக்கு எறிய வேண்டும். எறிந்தபின் அம்மானாவைக் கொண்டு எதை ஆடுவது என்று பலர் அதனை ஒதுக்கினர். 1998இல் கல்லறையிலிருந்தே சீட்டுகளை ஆட விடும் யாக்மாத்ஸ் வில் வெளிவந்தபின் அக்குறையே நிறையாயிற்று.

தவறிய கணிப்புகள்

1995இல் வெளிவந்த நெக்ரோபொட்டென்ஸ் தொடக்கத்தில் பலரால் குறைவாக மதிப்பிடப்பட்டது. வழக்கமாகக் கிடைக்கும் ஒரு சீட்டை இழந்து, பின்னர் ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் உயிர்ப்புள்ளி செலுத்த வேண்டும் என்பது தண்டனையாகத் தோன்றியது. உண்மையில் உயிர்ப்புள்ளியும் செலவிடத்தக்க வளமே. கடைசிப் புள்ளி போகும் வரை ஆட்டம் தோற்பதில்லை. மேற்கூறிய டார்க் ரிச்சுவலுடன் இதனை முதல் முறையிலேயே ஆடலாம். 1996ஆம் ஆண்டுக் கோடை இக்கட்டின் ஆதிக்கத்தால் ஆட்டக்காரரிடையே கருங்கோடை என்று பெயர் பெற்றது.

வடிவமைப்பாளர்களும் தவறியதுண்டு. 2004 தொடக்கத்தில் வெளிவந்த ஸ்கல்கிளாம்ப், அணிந்த உயிரியின் தாக்கும் ஆற்றலை ஒன்று கூட்டித் தாங்கும் ஆற்றலை ஒன்று குறைக்கும்; அவ்வுயிரி இறந்தால் இரண்டு சீட்டுகள் கிடைக்கும். குறைவு போலத் தோன்றிய அந்தக் கழித்தலே இதன் பெரும் வலிமை. தாங்கும் ஆற்றல் ஒன்றே உடைய சிறு உயிரிக்கு அணிவித்தால் அது உடனே இறக்கும். ஒரு மானாவுக்கு இரண்டு சீட்டுகள். வடிவமைப்பின் பிற்பகுதியில் செய்த இம்மாற்றத்தின் விளைவை உரியவாறு கவனிக்கவில்லை என்பதை நிறுவனத்தாரே பின்னர் ஒப்புக்கொண்டனர். அதே ஆண்டு சூன் மாதம் ஸ்டாண்டர்ட் முறையில் இச்சீட்டு தடை செய்யப்பட்டது. அதே காலத்து வேறு எட்டுச் சீட்டுகளும் 2005 மார்ச்சில் தடைக்குள்ளாயின. பணம் கொடுத்துக் கட்டு அமைத்தோருக்கு ஒவ்வொரு தடையும் இழப்பே. 2019 அக்டோபரில் வெளிவந்த ஓக்கோ, தீஃப் ஆஃப் கிரௌன்ஸ் என்னும் சீட்டும் அடுத்த மாதமே இவ்வாறு தடையானது.

அரிதுத்தன்மையும் புள்ளிவிவரமும்

சந்தை விலையும் அரிதுத்தன்மையும் வலிமையின் நேரடி அளவுகள் அல்ல. லைட்னிங் போல்ட் பொதுச் சீட்டே. மறுபுறம், பழைய பிளாக் லோட்டஸ் படிகளின் மிகுந்த விலைக்கு அதன் வலிமையோடு சேகரிப்போரின் ஆர்வமும் காரணம்.

மேஜிக்: த கேதரிங் அரீனா என்னும் கணினிப் பதிப்பு வந்தபின், 17லேண்ட்ஸ் போன்ற தளங்கள் ஆட்டக்காரர் தரும் ஆட்டப் பதிவுகளைத் தொகுத்து, ஒரு சீட்டு கைக்கு வந்த ஆட்டங்களில் எத்தனை விழுக்காடு வெல்லப்பட்டன எனக் காட்டுகின்றன. இவ்வெண்களையும் அப்படியே கொள்ளலாகாது. சிறந்த ஆட்டக்காரர் மட்டும் தெரிவு செய்யும் சீட்டுக்கு அவர்தம் திறமையும் சேர்ந்து எண் உயரும். விரைந்து தாக்கும் கட்டுகளின் சீட்டுகளுக்கோ இதற்கு நேர்மாறான சிக்கல் உண்டு. அக்கட்டுகள் தோற்கும் ஆட்டங்களே நீள்வதால், தோற்ற ஆட்டங்களில்தான் அவற்றின் சீட்டுகள் மிகுதியாகக் கைக்கு வருகின்றன. எண் உண்மையைவிடத் தாழ்ந்து தோன்றும்.