சீட்டில் பெயர் வந்தால்தான் வலை இறங்கும்! பழவேற்காடு ஏரியின் 'பாடு' கதை

"நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்று ஒரு தடவையாவது சொல்லாதவர்கள் நம்மில் யார்? 'பாடு' என்றாலே நமக்குக் கஷ்டம்தான் ஞாபகம் வரும். ஆனால், பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் சில மீனவர் குப்பங்களில் அந்தச் சொல்லுக்கு இன்னோர் அர்த்தம் உண்டு. அங்கே 'பாடு' என்றால் முறை. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முடிவுசெய்யும் முறை.

இதற்கு ஏலம் கிடையாது. பணம் அதிகம் வைத்திருப்பவருக்கு முன்னுரிமையும் கிடையாது. சீட்டில் யார் பெயர் வருகிறதோ, அவருக்கு அன்றைக்கு நல்ல இடம். மற்றவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். பல தலைமுறைகளாக இப்படித்தான் ஒரு பெரிய ஏரியின் ஒரு சிறு மூலையைப் பங்கு போட்டு வாழ்கிறார்கள்.

இன்றைக்கு அந்தப் பங்குக்கே நெருக்கடி வந்திருக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

உப்பும் இல்லை, நன்னீரும் இல்லை

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. இங்கே கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கும் உவர்நீர் ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு ஓரம்தான் தமிழ்நாட்டுக்குச் சொந்தம்.

ஏரி பெரியதுதான். ஆனால் ஆழம்? சராசரியாக ஒரு மீட்டர் அளவுதான். பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தே போகலாம். தெற்கே ஆரணி ஆறும் வடமேற்கே காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வந்து போகிறது. இரண்டும் கலந்த இந்தத் தண்ணீரில்தான் இறால், நண்டு, மடவை, கொடுவா எல்லாம் வளர்கின்றன. பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குவதும் இதனால்தான். தமிழகப் பகுதி 1980-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே அரண்போல நிற்கும் மணல் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ஆம், ராக்கெட் ஏவும் அதே ஸ்ரீஹரிகோட்டாதான். ராக்கெட் புறப்படும் நாள்களில் கடலுக்குப் போக வேண்டாம் என்று பழவேற்காடு மீனவர்களுக்கு அறிவிப்பு வரும்.

இறால் போகும் வழியில் வலை

சரி, இவ்வளவு பெரிய ஏரியில் ஆளுக்கோர் இடத்தில் வலை போட்டுக்கொண்டால் என்ன? எதற்குச் சீட்டு?

பதில் இறாலிடம் இருக்கிறது. இறால் முட்டையிடுவது கடலில். பொரிந்த குஞ்சுகள் கடல்நீரோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்துவிடும். அலை இல்லாத, இரை நிறைந்த ஏரியில் சில மாதங்கள் வளரும். பெரிதானதும் மறுபடி கடலுக்குத் திரும்பும். நீர் வற்றும் நேரத்தில், ஓடும் தண்ணீரோடு சேர்ந்து இரவில் அவை வெளியேறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீரோட்டம் வேகமாக இருக்கும்.

அப்படி இறால் திரும்பிப் போகும் பாதையில், தண்ணீரில் கழிகளை ஊன்றி வலையைக் கட்டி மறிப்பதுதான் இங்குள்ள பழைய தொழில்நுட்பம். வலை நகர்வதில்லை, நீரோட்டமே இறாலைக் கொண்டுவந்து சேர்க்கும். அதனால் இடம்தான் எல்லாம். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், நீரோட்டம் சரியாக விழும் சில இடங்களில் கட்டினால் வலை நிறையும். கொஞ்சம் தள்ளிக் கட்டினால் கூலிகூடத் தேறாது.

நல்ல இடங்கள் கொஞ்சம், ஆட்கள் அதிகம். தினமும் முந்திக்கொள்பவருக்கே இடம் என்று விட்டால் தினமும் சண்டைதான். அந்தச் சண்டையைத் தவிர்க்கப் பெரியவர்கள் கண்டுபிடித்த வழிதான் 'பாடு'.

தலைக்கட்டுக்கு ஒரு பங்கு

பழவேற்காட்டில் இந்த உரிமை வழிவழியாக மூன்று ஊர்களுக்கு உரியது: கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம். இங்கே வாழும் பட்டினவர் சமூகத்தினர்தான் இந்த முறையை நடத்திவருகிறார்கள். பாடு நடக்கும் நீர்ப்பகுதிகளுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. வடக்குப் பாடு, முன்துறைப் பாடு, ஓடைப் பாடு என்று பிரித்துச் சொல்கிறார்கள்.

முதலில் ஊர்களுக்குள் முறை. பிறகு ஒவ்வோர் ஊருக்குள்ளும் தலைக்கட்டுகளுக்குள் முறை. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கொடுத்துப் பழகியவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. திருமணமாகித் தனிக் குடும்பமாகும் ஆண், ஊர்க் கணக்கில் ஒரு தலைக்கட்டு. அவருக்கு ஒரு பங்கு. வசதியானவர் என்பதற்காக இரண்டு பங்கு கிடைக்காது. வறியவர் என்பதற்காகப் பங்கு போய்விடாது.

விதிகளும் கறாரானவை. முறை இல்லாதவர் அந்த இடத்தில் வலை கட்டக் கூடாது. குறிப்பிட்ட வகை வலைதான் கட்டலாம். வெளியாருக்கு அனுமதி இல்லை. தகராறு வந்தால் ஊர்ப் பஞ்சாயத்து கூடிப் பேசித் தீர்க்கும்.

இதில் இன்னொரு நன்மையும் ஒளிந்திருக்கிறது. எல்லோரும் எல்லா நாளும் எல்லா இடத்திலும் வலை போடாததால், பிடிபடாத இறால் தப்பிக் கடலுக்குப் போகிறது. முட்டையிடுகிறது. அடுத்த பருவத்துக்குக் குஞ்சுகள் வருகின்றன. ஆட்களுக்கு நியாயம் செய்யப் போட்ட விதி, ஏரிக்கும் நல்லது செய்கிறது.

வந்தவர்கள் போனார்கள்

இந்தக் கரைக்குப் பெரிய பெரிய வியாபாரிகள் வந்து போயிருக்கிறார்கள். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடமே இதுதான். 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை பழவேற்காட்டுக்கு ஏக மவுசு.

அவர்களுக்கு வேண்டியது இங்குள்ள துணி. இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க, காசைவிட நம் ஊர்த் துணி நன்றாக எடுபட்டது. மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'கைன் பெலிகாட்' என்று பெயர். பெலிகாட் என்பது நம் புலிகாட், அதாவது பழவேற்காடுதான்!

துணியோடு மனிதர்களையும் கப்பலேற்றினார்கள் என்பது அந்த வரலாற்றின் இருண்ட பக்கம். 17-ம் நூற்றாண்டில் இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாக பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

இன்று கோட்டை இடிந்து மேடாகிவிட்டது. மண்டையோடு செதுக்கிய கற்களோடு டச்சுக் கல்லறைகள் மட்டும் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கின்றன. மீனவர்களின் பாடு மட்டும் இன்னும் முறை வைத்து நடக்கிறது.

உலகம் படிக்கும் பாடம்

இப்படி ஊரே கூடி நீரைப் பங்கிடும் வழக்கம் வேறு இடங்களிலும் உண்டு. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் இதேபோல கழி ஊன்றி இறால் பிடிக்கும் மீனவர்கள், தங்கள் சங்கங்கள் மூலம் சீட்டு எடுத்து இடம் பிரித்துக்கொள்கிறார்கள். அதே மலுக்குத் தீவுகளில் உள்ள ஹருக்கு கிராமத்தில் 'சாசி' என்றொரு வழக்கம். குறிப்பிட்ட காலம்வரை மீனைத் தொடக் கூடாது என்று ஊரே கட்டுப்பாடு போட்டுக்கொள்ளும். நாள் குறித்துத் திறந்ததும் எல்லோரும் சேர்ந்து பிடிப்பார்கள்.

பொதுச் சொத்தை மக்கள் தாங்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்று காட்டியதற்காக, அமெரிக்க ஆய்வாளர் எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அவர் எடுத்துக்காட்டிய ஊர்களில் ஒன்று, சீட்டுப் போட்டு மீன்பிடி இடங்களைப் பிரிக்கும் துருக்கியின் அலன்யா. பழவேற்காட்டுப் பாடு பற்றி ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 1991-லேயே ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது.

சீட்டில் பெயர் இல்லாதவர்கள்

ஆனால், இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தலைக்கட்டுக்குத்தான் பங்கு என்றால், தலைக்கட்டுக் கணக்கிலேயே வராதவர்கள் என்ன செய்வார்கள்?

மீனை விற்பதும், கருவாடு போடுவதும், வீட்டை நடத்துவதும் பெண்கள். ஆனால் சீட்டில் பெண்ணின் பெயர் இல்லை. தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்கள் இந்த முறைக்கு வெளியே நிற்கிறார்கள். ஏற்றுமதியால் இறாலுக்கு விலை ஏறிய பிறகு மீன்பிடிக்க வந்த மற்ற சமூகத்தினருக்கும் பாட்டில் இடம் கிடையாது. ஏரி எல்லோருக்கும் பொது என்றால் எங்களுக்கு ஏன் பங்கில்லை என்ற அவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. எல்லோரையும் சேர்த்துக்கொண்டால் யாருக்குமே வயிறு நிறையாது என்ற பாட்டுக்காரர்களின் பயமும் பொய்யல்ல. இதனால் உரசல்களும் பேச்சுவார்த்தைகளும் தொடர்ந்துகொண்டே இருக்கின்றன.

பாட்டுக்குள் இருப்பவர்களுக்கும் கணக்கு இடிக்கத் தொடங்கிவிட்டது. சும்மா ஓர் உதாரணத்துக்கு, ஓர் இரவில் 10 பேர் வலை கட்டலாம் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் 50 தலைக்கட்டு என்றால் ஐந்து நாளுக்கு ஒருமுறை முறை வரும். மகன்களுக்குக் கல்யாணமாகி அது 100 ஆனால், பத்து நாளுக்கு ஒருமுறை. இடையில் இருக்கும் ஒன்பது நாளுக்கு உலை வைக்க என்ன வழி? கடலுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் கூலி வேலை தேட வேண்டும்.

வாசல் அடைந்தால்?

எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை முகத்துவாரம். அதுதான் ஏரியின் வாசல். கடலோர நீரோட்டம் கொண்டுவரும் மணல் அங்கே சேர்ந்து மேடாகிவிடுகிறது. வாசல் அடைந்தால் குஞ்சுகள் உள்ளே வர முடியாது. வளர்ந்த இறால் வெளியே போக முடியாது. வெயில் காலத்தில் ஏரி வற்றி, உப்பு ஏறிவிடும். படகுகளும் கடலுக்குப் போக முடியாமல் நிற்கும்.

மணலைத் தோண்டித் திறந்தாலும் மறுபடி மூடிக்கொள்ளும். இதற்கு நிரந்தரத் தீர்வாக முகத்துவாரத்தின் இருபுறமும் கற்களால் சுவர் எழுப்பும் திட்டத்தைச் சுமார் 27 கோடி ரூபாயில் தமிழக அரசு கையிலெடுத்தது. மீனவர்கள் பல வருடங்களாகக் கேட்டுவந்தது இது.

தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் வந்துவிட்டன. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து சுமார் 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டபோது, பழவேற்காடு மீனவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கடற்கரை அரிக்கப்பட்டு, ஏரியைக் காக்கும் மணல் திட்டே கரைந்துவிடும் என்பது அவர்களின் அச்சம். திட்டம் வந்தால் வேலைவாய்ப்பும் வளர்ச்சியும் வரும் என்பது ஆதரவாளர்களின் வாதம்.

யார் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரு விஷயம் மறுக்க முடியாதது. சீட்டு எவ்வளவு நேர்மையாக எடுக்கப்பட்டாலும், ஏரியில் இருப்பதைத்தான் அது பங்கிட முடியும். இல்லாத இறாலைப் பங்கிட எந்த ஊர்க் கூட்டத்தாலும் முடியாது. ஊருக்குள் செய்ய வேண்டியதை ஊர் செய்துகொண்டிருக்கிறது. தங்கள் சீட்டில் விடுபட்டவர்களுக்கு வழி சொல்லும் வேலை அவர்களுக்கு இன்னும் பாக்கி. வாசலைத் திறந்து வைப்பதும், மணல் திட்டைக் காப்பதும் ஊரின் கையில் இல்லை.

அடுத்த முறை மார்க்கெட்டில் பழவேற்காடு இறால் என்று சொல்லி விற்றால், விலை பேசும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். ஒருவேளை அது, பல நாள் காத்திருந்து சீட்டில் பெயர் வந்த ஒருவர், நள்ளிரவில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பிடித்ததாக இருக்கலாம். அவருடைய அடுத்த பாடு எப்போது வரும் என்பது சீட்டுக்குத் தெரியும். அன்றைக்கு ஏரியில் இறால் இருக்குமா என்பதுதான் யாருக்கும் தெரியாது.