ரேங்க் கார்டு இல்லாத வீடு

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைப்பவர்களிடம் உறவுக்காரர்கள் முதலில் கேட்பது, "பையன் எத்தனையாவது படிக்கிறான்?" இதைச் சிரித்துச் சமாளித்துவிடலாம். "சரி, எந்த அளவுக்குப் படிக்கிறான்?" என்று அடுத்துக் கேட்டால்தான் பல வீடுகளில் பேச்சு மாறிவிடுகிறது.

பாடம் நடத்துவதும் அம்மா, திருத்துவதும் அம்மா என்றால் கொஞ்சம் சலுகை இருக்கத்தான் செய்யும். பிள்ளை திணறும்போது நம்மை அறியாமலே முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்துவிடுவோம். அதனால் அவ்வப்போது தாத்தாவோ பக்கத்து வீட்டு அக்காவோ, பாடம் நடத்தாத ஒருவர் கேட்கட்டும். கேள்வித்தாள் தேடி அலைய வேண்டாம். பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்க 2005 முதல் நடக்கும் 'அசர்' ஆய்வுக்காக வீடு வீடாகப் போகிறவர்கள் கையில் இருப்பது எளிய தாள்தான்: எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை, கணக்கில் கடன் வாங்கிக் கழித்தல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுத்தல். பத்து வயதுப் பிள்ளை இதிலேயே தடுமாறினால், செயல்வழி, இயற்கைவழி என்று எந்தப் பெயர் சொன்னாலும் எங்கோ கோளாறு.

மார்க்கைவிடத் தப்பைப் பாருங்கள். 52-இல் 27 போக 35 என்று எழுதியிருக்கிறதா? கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். 2-இல் 7 போகாது என்பதால் 7-இல் 2-ஐக் கழித்திருக்கிறது. கடன் வாங்குவது புரியவில்லை, அவ்வளவுதான். அந்தத் தாளில் தேதி போட்டு எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே மாதிரிக் கணக்கைக் கொடுத்தால், நகர்ந்திருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

வெளித்தேர்வு வேண்டுமென்றால் வழி இருக்கிறது. 12½ வயது நிறைந்தவர்கள் தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடங்களை ஒரே மூச்சில் எழுத வேண்டிய கட்டாயமில்லை. ஐந்தாண்டுக்குள் ஒன்றொன்றாகவும் முடிக்கலாம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வேகம் என்ற பிடிவாதம் அங்கே இல்லை. பள்ளிகளும் இந்த நெகிழ்வைக் கடன் வாங்கலாம்.

ஆனால் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதியை நினைவுபடுத்த வகுப்பாசிரியர் கிடையாது. அறிவிப்பைப் பார்த்து வைக்க வேண்டியது நீங்கள்தான்.