முத்துக் கரையில் ஒரு மச்சு வீடு

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் இரவு ரயிலுக்கு 'முத்துநகர்' என்று நாமகரணம் செய்திருக்கிறார்கள். பெயரை நம்பி, நாலு முத்து வாங்கி வரலாம் என்று பையில் பணத்துடன் இறங்குகிறவர் ஏமாந்துதான் போவார். அந்தக் கடலில் நடந்த கடைசி முத்துக் குளிப்பு 1961-ம் வருஷத்தோடு முடிந்துவிட்டது. இப்போது அந்த ஊரில் ஓயாமல் விலை பேசப்படும் பொருள் வேறு. அது மனையும் வீடுமே.

நாம் போனதும் ஒரு வீட்டு விஷயமாகத்தான். நமது நண்பர் ஒருவர் அங்கே உப்பு வியாபார நிலையம் ஒன்றில் கணக்கர். அவருடைய மனைவி தனியார் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி. பதினொரு வருஷமாக ஒரே வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மாதம் 9,000 ரூபாய் வாடகை. ஊருக்கு வெளியே புதிதாக எழும்பியிருக்கும் குடியிருப்பு ஒன்றில், 40 லட்ச ரூபாய்க்கு ஒரு மச்சு வீடு விலைக்கு வந்திருந்தது. கையில் 10 லட்சம் இருக்கிறது. 30 லட்சம் கடன் கொடுக்கப் பாங்கி தயாராக இருக்கிறது. "நீங்க ஒரு தடவை வந்து பாத்துட்டுச் சொல்லிருங்க, அண்ணாச்சி" என்று நண்பர் அழைத்திருந்தார். இம்மாதிரி அழைப்பவர்கள் பெரும்பாலும் யோசனையை விரும்புவதில்லை. ஆசீர்வாதத்தையே விரும்புகிறார்கள் என்பது நமது அனுபவம். ஆயினும் சென்றோம்.

வீடு பார்க்க அழகாகவே இருந்தது. வாசலில் பளிங்குப் படி, மாடியில் கடற்காற்று, சமையலறையில் அலமாரிகள். தரகர் ஒவ்வோர் அறையாகக் கதவைத் திறந்து காட்டி, துறைமுகம் விரிவடைவதையும், வியட்நாம் தேசத்துக் கம்பெனி ஒன்று 2025 ஆகஸ்டு மாதத்தில் இங்கே மின்சாரக் கார்த் தொழிற்சாலை திறந்திருப்பதையும், குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வருவதையும் மூச்சு விடாமல் சொன்னார். அவர் சொன்னது எதுவும் பொய்யல்ல. ஆனால் அந்தத் தொழிற்சாலையின் லாபத்தையும் ராக்கெட்டின் லாபத்தையும் இந்த வீட்டு விலையில் முன்கூட்டியே சேர்த்துவிட்டார் என்பதுதான் விஷயம்.

நண்பரின் மனைவி மட்டும் வாய் திறவாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளிச்சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு மட்டும் வர்ணம் புதிதாக இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை அந்த ஜில்லா ஜனங்கள் ஆயுள் உள்ளவரை மறக்கமாட்டார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. ஒரு வருஷம் முழுவதும் பெய்ய வேண்டிய மழையை விட அது அதிகம். "அப்ப இங்க தண்ணி எது வரைக்கும் நின்னுச்சு?" என்று அம்மையார் கேட்டார். தரகர் சற்றுத் தயங்கி, "எல்லா இடத்துலயும் நின்ன மாதிரிதான், தாயி" என்றார்.

வெளியே வந்ததும் நமது சந்தேகத்தைத் தெரிவித்தோம். விலை பிற்பாடு இறங்கினால் என்ன செய்வது என்று கேட்டோம். நண்பர் சிரித்தார். "வெல ஏன் அண்ணாச்சி எறங்கும்? மண்ணு எங்க போகப் போகுது?"

இந்தக் கேள்வியை இந்தக் கரையில் நின்றுகொண்டு கேட்கக்கூடாது. பாண்டியர்களின் முத்துத் துறையாகப் பேர் பெற்ற கொற்கை, இன்று கடலிலிருந்து சில மைல் உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே சிற்றூராக இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கரை நீண்டு கொண்டே போயிற்று. கொற்கைக்குப் பிறகு காயல் தலையெடுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து பார்த்து வியந்த துறைமுகம் அது. அதையும் மண் தூர்த்தது. அப்புறம் புன்னைக்காயல், போர்த்துகீசியர் காலத்தில் அதன் கை ஓங்கியிருந்தது. கடைசியாகத் தூத்துக்குடி. ஒவ்வோர் ஊரிலும் வர்த்தகர்கள் பெரிய வீடுகள் கட்டி, பேரன் பேத்திமார் வாழப் போகிறார்கள் என்று எண்ணியிருப்பார்கள் அன்றோ? மண் எங்கும் போகவில்லை. கடல்தான் போய்விட்டது.

தூத்துக்குடிக்கே ஒரு சமயம் இந்தக் கதி நேர இருந்தது. முன்னாளில் சென்னையிலிருந்து கொழும்பு செல்லும் பிரயாணிகள் ரயிலில் தூத்துக்குடிக்கு வந்து, இங்கிருந்து நீராவிக் கப்பலில் ஏறுவார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி–தலைமன்னார் மார்க்கம் ஏற்பட்டவுடன் அந்த நடமாட்டம் அப்படியே வடக்கே திரும்பிற்று. அன்று தனுஷ்கோடியில் இடம் வாங்கியவர்கள் கெட்டிக்காரர்கள் என்று பெயர் எடுத்திருப்பார்கள். ஐம்பது வருஷம் சென்றபின், 1964 டிசம்பரில் அடித்த புயல், அந்த ஊரையே துடைத்துப் போட்டது. அங்கே விலை இறங்கிற்று என்று சொல்வது கூடப் பொருந்தாது; விலை சொல்ல வீடே இல்லை.

இது நிற்க. முத்தின் கதை இதைவிட ரஸமானது.

முத்துக் குளிப்பில் எடுத்த சிப்பிகளைத் திறந்து பார்த்து விற்பது வழக்கமில்லை. மாலையில் தோணிகள் கரை சேர்ந்ததும், மூடிய சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக ஏலம் போடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதோ, வெறும் சதைதானோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். ஏலம் எடுத்தவர் சிப்பிகளைக் 'கொட்டு' என்னும் வேலியிட்ட இடத்தில் குவித்து, அழுகவிட்டு, கழுவித் தேடுவார். முதல் நாள் ஒருவருக்கு நல்ல முத்து கிடைத்தது என்ற வதந்தி பரவினால் போதும், மறு நாள் ஏல விலை தாவி ஏறும். சிப்பி நேற்றைய சிப்பிதான். வாங்குவோரின் மனம்தான் மாறியது.

மன்னார் வளைகுடாவின் எதிர்க் கரையில், இலங்கையைச் சேர்ந்த மரிச்சுக்கட்டியில் 1905-ல் நடந்த குளிப்பில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்தப் பொட்டல் மணலில் சில வாரங்களுக்கு ஒரு பட்டணமே எழும்பும். தெருக்கள், கடைவீதி, போலீஸ், நியாயஸ்தலம், ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. தூத்துக்குடி, கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து குளியாட்களும் வியாபாரிகளும் அங்கே போய்க் குவிவார்கள். லியோனார்டு வூல்ப் என்ற ஆங்கில ஆசிரியர் இளமையில் இலங்கை உத்தியோகஸ்தராக இருந்தபோது, 1906-ல் அங்கே வேலை பார்த்திருக்கிறார். அந்த 1905-ம் வருஷ வசூலைக் கண்டு மயங்கிய லண்டன் முதலாளிகள் ஒரு கம்பெனி ஸ்தாபித்து, 1906-ல் இலங்கை சர்க்காரிடம் 20 வருஷக் குத்தகை எடுத்தார்கள். வருஷத்துக்கு 3,10,000 ரூபாய் கட்டவேண்டும். 1906-ல் நல்ல குளிப்பு, 1907-ல் சுமாரானது. அதற்குப் பின் பல ஆண்டுகள் சிப்பியே இல்லை! கடலடியில் 'பார்' என்னும் பாறைத் திட்டுக்களில் சிப்பிகள் சில வருஷம் மண்டும். சில வருஷம் மணல் மூடியோ திருக்கை மீன் தின்றோ மாயமாய் மறையும். இதை நம் கரையோரத்துப் பரதவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். குத்தகைப் பணத்துக்கு மட்டும் அது தெரியாது. வருஷந்தோறும் அது கேட்டுக்கொண்டே இருந்தது. கம்பெனி கலைந்தது.

முத்துக்கும் வீட்டுக்கும் நேரடியாகவே ஒரு பண்டமாற்று நடந்ததுண்டு. 1917-ல் நியூயார்க் நகரத்தில் ஐந்தாவது அவென்யூவில் பிளாண்ட் என்ற சீமானுக்கு ஒரு மாளிகை இருந்தது. கார்ட்டியர் என்னும் பிரசித்தி பெற்ற நகை வியாபாரியிடம், இயற்கை முத்துக்களால் ஆன இரட்டை வடம் ஒன்றைக் கண்டு சீமாட்டி ஆசைப்பட்டார். அதன் மதிப்பு 10 லட்சம் டாலர். வடத்தோடு 100 டாலரையும் கொடுத்து, மாளிகையைக் கார்ட்டியர் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு ஜப்பானியர் செயற்கை முறையில் சிப்பிக்குள் முத்து விளைவிக்கலாயினர். 1930-ஐ ஒட்டி உலகமெங்கும் இயற்கை முத்தின் விலை சரிந்தது. அந்த வடம் 1957-ல் ஏலத்துக்கு வந்தபோது கிடைத்தது சுமார் ஒன்றரை லட்சம் டாலரே. மாளிகையில் இன்றும் கார்ட்டியரின் கடை நடக்கிறது. இந்தக் கதையைச் சொன்னதும் நண்பர் குதூகலமடைந்து, "பாத்தீகளா அண்ணாச்சி, வீடுதான் ஜெயிச்சுது!" என்றார். ஆம், ஆனால் கார்ட்டியர் அந்த வீட்டைக் கடன் வாங்கி வாங்கவில்லை, கடையில் இருந்த சரக்கைக் கொடுத்து வாங்கினார் என்பதையும் நினைவூட்டினோம்.

வீடு தோற்ற கதை வேண்டுமானால் செட்டிநாட்டுக்குப் போகவேண்டும். பர்மாத் தேக்கில் தூண்கள், ஒரு தெருவில் வாசலும் மறு தெருவில் கொல்லையுமாக மாளிகைகள். எல்லாம் லேவாதேவித் தொழிலில் வந்த செல்வம். 1930-ஐ ஒட்டிய மந்தத்தில் பர்மா நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. கடன் வாங்கிய குடியானவர்கள் பணத்துக்குப் பதில் நிலத்தைத்தான் கொடுக்க முடிந்தது. கீழ்ப் பர்மாவின் பிரதான நெல் ஜில்லாக்களில், 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. 1938-ல் நூற்றுக்கு 25. ஏட்டில் பார்த்தால் நிலச்சுவான்தார்கள்; பெட்டியைத் திறந்தால் ரொக்கம் இல்லை. 1942-ல் ஜப்பானியர் படையெடுத்தபோது ஓடிவர நேர்ந்தது, நிலமும் போயிற்று. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போகிறவர்கள் இன்றும் அந்த மாளிகைகளின் கதவுகளையும் தூண்களையும் பழம்பொருள் கடைகளில் விலைக்குக் காணலாம்.

தூத்துக்குடியில் நின்று சொத்து அழிந்த கதை பேசும்போது சிதம்பரம் பிள்ளையை நினையாமல் இருக்கலாகுமா? 25 ரூபாய்ப் பங்குகளாகப் பணம் திரட்டி 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தார். கைப்பொருளையும் வக்கீல் தொழிலையும் அதில் இழந்து, 1908-ல் சிறை புகுந்தார். 1936-ல் இதே ஊரில் வறுமையிலேயே உயிர் நீத்தார். வரவுக்கு மிஞ்சிச் செலவழித்தவர் பட்டியலில் அவரைச் சேர்க்க நாம் ஒருப்படோம். அவர் இழந்தது தேசத்துக்காக. நாம் இங்கே பேசுவது அடுத்த வீட்டுக்காரர் பார்க்கவேண்டும் என்பதற்காகப் போடும் பளிங்குப் படியைப் பற்றி.

இரவு சாப்பாட்டுக்குப் பின் மூவரும் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். 30 லட்சம் கடன், நூற்றுக்கு எட்டரை வட்டி, 20 வருஷம். மாதத் தவணை 26,035 ரூபாய். முதல் மாதத் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போகிறது. அசலில் குறைவது 4,785 ரூபாய்தான். இருபது வருஷத்தில் கட்டுவது சுமார் 62 லட்சத்து 48 ஆயிரம். நண்பரின் சம்பளம் 48,000, அம்மையாருடையது 22,000. இரண்டையும் சேர்த்துத்தான் பாங்கி கடனுக்குச் சம்மதித்திருக்கிறது. 2020-ல் ஊரடங்கின்போது தனியார் பள்ளி உபாத்தியாயர்கள் பலர் பாதிச் சம்பளத்திலும் சம்பளமே இல்லாமலும் இருந்ததை அம்மையார் மறக்கவில்லை. மேலும் வட்டி நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரைக்குள் ரிசர்வ் பாங்கு தன் வட்டியை 4-லிருந்து ஆறரைக்கு ஏற்றியது. பிற்பாடு இறங்கியது உண்மையே. ஆயினும் அந்த ஏற்றத்தில் பலருக்குத் தவணைக் காலம் வருஷக் கணக்கில் நீண்டுவிட்டது.

ஐந்து வருஷம் ஒழுங்காகக் கட்டியபின் விற்க நேர்ந்தால்? அதுவரை கட்டியது 15 லட்சத்து 62 ஆயிரம். பாங்கிக்கு இன்னும் பாக்கி சுமார் 26 லட்சத்து 44 ஆயிரம். வீட்டு விலை காலே அரைக்கால் அல்ல, கால் பங்கு மட்டும் இறங்கி 30 லட்சத்துக்குப் போனால், கைக்கு வருவது மூன்றரை லட்சம். ஐந்து வருஷ வாடகை மிச்சத்தைக் கழித்துப் பார்த்தாலும் வேதனைதான். அமெரிக்காவில் 2006-க்குப் பின் ஆறு வருஷத்தில் வீட்டு விலை கால் பங்குக்கு மேல் விழுந்தது. நம் நாட்டில் அப்படி விழுவது அபூர்வம் என்று நண்பர் வாதித்தார், அதை ஒப்புக்கொள்கிறோம். இங்கே விலை விழுவதில்லை. வாங்க ஆள் வருவதில்லை. விற்கிறவர் கௌரவத்துக்காகப் பழைய விலையையே சொல்லிக்கொண்டு காத்திருப்பார். எட்டரை வட்டி ஓடும்போது விலை நின்ற இடத்தில் நிற்பதே நஷ்டம்.

"பத்திரச் செலவு போட்டீங்களா?" என்று அம்மையார் கேட்டார். முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் 2. ஆக 3 லட்சத்து 60 ஆயிரம். நண்பர் தலையைச் சொறிந்தார். கையிருக்கும் 10 லட்சமும் வீட்டுக்கே போய்விடும் என்றால் இதற்கு எங்கே போவது? அவர் பார்வை தம் மனைவியின் கழுத்தின் மீது சென்றதை நாம் கவனித்தோம், அம்மையாரும் கவனித்தார்.

ஊருக்குள்ளேயே, மேட்டுத் தெருவில், ஓடு வேய்ந்த பழைய வீடு ஒன்று 22 லட்சத்துக்கு இருப்பதாக அம்மையார் மெல்லச் சொன்னார். மாடி கிடையாது, 2023 மழையில் வாசல்படியோடு தண்ணீர் நின்றுவிட்டதாம். 15 லட்சம் கடன் எடுத்தால் தவணை 13,017 ரூபாய். நண்பரின் சம்பளம் ஒன்றிலேயே அடங்கும். நண்பர் பதில் சொல்லாமல் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறு நாள் இரவு ரயிலில் திரும்பினோம். வண்டி மணியாச்சி தாண்டியதும் கைபேசி ஒலித்தது. நண்பர்தான். "அண்ணாச்சி, தரகர் இப்பத்தான் வந்துட்டுப் போறார். ரெண்டு லட்சம் கொறைச்சுக்கிடுதாராம். இன்னும் கொறைப்பாரு போலத் தெரியுது" என்றார். பின்னால் அம்மையாரின் குரல் கேட்டது: "கொறைக்கட்டும், நாளைக்கு மேட்டுத் தெரு வீட்டைப் போயிப் பாத்துட்டு வருவோம்னு சொல்லுங்க."