கணினித் திரையில் வானிலை: எளிய செயலி அமைய வேண்டிய முறை

உழவுத் தொழில் வானத்தை நம்பியது என்பதை யாவரும் அறிவர். எனினும், வானத்தைப் பற்றிய செய்தி எவ்வளவு வந்தபோதிலும், அஃது உரியவருக்கு உரிய காலத்தில் விளங்குமாறு வந்தாலன்றிப் பிரயோஜனப்படாது என்பது போதிய அளவு உணரப்படவில்லை. கணினியைத் திறந்து வானிலை பார்க்கப் புகும் விவசாயியின் முன் வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம், மேகப் படம், தூர தேசத்து நகரங்களின் நிலவரம் ஆகிய யாவும் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. இன்றிரவு வயலுக்குத் தண்ணீர் விடலாமா, நாளை மருந்து தெளிக்கலாமா என்னும் அவருடைய கேள்விக்கு மட்டும் விடை எளிதில் அகப்படுவதில்லை. கிராம நிர்வாக அலுவலகத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ உள்ள கணினியில் வைக்கத்தக்கதாய், வானிலையைப் படமாகக் காட்டும் எளிய செயலி எவ்வாறு அமைய வேண்டும் என்பது, தூத்துக்குடி மாவட்டம் ஆத்தூர்ப் பகுதியை உதாரணமாகக் கொண்டு இங்கே விளக்கப்படுகிறது.

ஒரே மழை, வெவ்வேறு பலன்

ஆத்தூர், தாமிரபரணி ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைக் கடந்து புன்னைக்காயல் அருகே கடலிற் கலப்பதற்கு முன்னுள்ள கடைமடைப் பிரதேசத்தைச் சேர்ந்தது. இவ்வூர் வெற்றிலை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. கொடிக்கால்களும் வாழைத் தோட்டங்களும் பிசான நெல் வயல்களும் இங்கு அடுத்தடுத்து உள்ளன. சிறிது தொலைவில் ஆறுமுகநேரி உப்பளங்களும், அதனை அடுத்து மன்னார் வளைகுடாவின் மீனவர் துறைகளும் இருக்கின்றன.

இவர்கள் அனைவர்க்கும் ஒரே வானம்; ஆயினும் ஒரே செய்தி போதாது. கொடிக்காலில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிக் கொடி வாடும். ஆகவே அவ்விவசாயி அறிய வேண்டுவது மழையின் அளவு. வாழை வைத்தவர்க்கு மழையினும் காற்றே பகை. முட்டுக் கொடுப்பதற்குப் போதிய அவகாசம் அவருக்கு வேண்டும். உப்பளத்தார்க்கோ, நெல்லுக்கு நன்மை செய்யும் சிறு மழையும் நஷ்டமாகும். மீனவர் காற்றின் வேகத்தையும் அலையையும் கேட்பர். ஆதலால், செயலியை அமைப்போர் யாருக்காக, எந்த வேலையைத் தீர்மானிக்கும் பொருட்டு இத்திரை என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டும். எல்லாருக்கும் எல்லாவற்றையும் காட்ட முயலும் திரை ஒருவருக்கும் பயன்படாது போகும்.

புயல் கூண்டு கற்பிக்கும் பாடம்

வானிலையைப் படமாகக் காட்டுவது புதிய காரியமன்று. இங்கிலாந்தில் பிட்ஸ்ராய் என்பவர் 1861ஆம் ஆண்டில் துறைமுகங்களிற் கூம்புகளை ஏற்றிப் புயலை அறிவிக்கும் முறையை ஏற்படுத்தினார். 1864ஆம் ஆண்டில் கல்கத்தாவையும் மசூலிப்பட்டினத்தையும் தாக்கிய பெரும் புயல்களுக்குப் பின்னர், 1865இல் கல்கத்தாத் துறைமுகத்தில் புயலறிவிப்பு முறை தொடங்கிற்று. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் கூண்டும் இவ்வழியில் வந்ததே.

இக்கூண்டுகள் பகலில் உருளையும் கூம்பும் ஆகிய வடிவங்களாலும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளாலும் அமைவன. 1, 2 ஆகிய எண்கள் தொலைவிலுள்ள புயலைப் பற்றியன; 3, 4 ஆகியவை அத்துறைமுகத்துக்கே உரிய எச்சரிக்கைகள்; 5, 6, 7 அபாயம்; 8, 9, 10 பேரபாயம். புயல் துறைமுகத்தைத் தன் இடப்புறம் விட்டுச் செல்லுமா, வலப்புறம் விட்டுச் செல்லுமா, துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடக்குமா என்பதைப் பொறுத்தே அபாய எண்கள் மும்மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. 11ஆம் எண்ணுக்குப் பொருள், வானிலை எச்சரிக்கை நிலையத்தோடு செய்தித் தொடர்பு அறுந்துவிட்டது என்பதாகும்.

செயலி அமைப்போர் இதனின்று நான்கு விஷயங்களைக் கற்கலாம். முதலாவது, ஒரு கம்பத்தில் ஒரே அடையாளம்தான் ஏறுகிறது. பார்ப்பவர் தேட வேண்டுவதில்லை. இரண்டாவது, அது எந்த இடத்துக்கு உரியது என்பதில் ஐயமில்லை; கம்பம் நிற்கும் துறைமுகத்துக்கே உரியது. மூன்றாவது, ஒவ்வோர் அடையாளத்துக்கும் இன்னது செய்ய வேண்டும் என்ற முடிவு முன்னரே வகுக்கப்பட்டுள்ளது. நான்காவதும் தலையாயதும் யாதெனில், செய்தி இல்லாதபோது இல்லை என்று சொல்லவும் ஓர் அடையாளம் உண்டு. இக்காலத்துத் திரைகளிற் பெரும்பாலானவை இந்நான்காவதை மறந்துவிடுகின்றன.

நான்கு நிறங்களும் மழையளவும்

இந்திய வானிலை ஆய்வுத் துறை தன் எச்சரிக்கைகளை நான்கு நிறங்களால் வெளியிடுகிறது. பச்சை, எச்சரிக்கை இல்லை என்பதைக் குறிக்கும்; மஞ்சள், கவனித்து வருக என்பதை; ஆரஞ்சு, ஆயத்தமாய் இருக்க என்பதை; சிவப்பு, உடனே செயற்படுக என்பதை. இந்நிறங்கள் மழையளவை மட்டும் கொண்டு தீர்மானிக்கப்படுவன அல்ல. விளையக்கூடிய பாதிப்பும் அவற்றில் அடங்கும்.

மழையளவுக்குத் தனிப் பிரிவுகள் உள்ளன. 24 மணி நேரத்தில் 2.5 முதல் 15.5 மில்லிமீட்டர் வரை பெய்வது லேசான மழை, 64.4 வரை மிதமானது, 64.5 முதல் 115.5 வரை கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேற்பட்டது யாவும் அதி கனமழை. ஒரு நாளின் மழை என்பது முதல் நாள் காலை 8.30 மணி தொடங்கி அந்நாள் காலை 8.30 மணி வரை பெய்ததாகும். இந்நேரத்தைத் திரையில் எழுதாவிடின், நேற்றைய மழையை இன்றைய மழை என்று மயங்க இடமுண்டு.

இப்பிரிவுகளின் எல்லையை 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் ஆத்தூர்ப் பகுதி கண்கூடாகக் கண்டது. 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், அருகிலுள்ள காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர். 95 சென்டிமீட்டர் என்பது ஓர் ஏக்கர் நிலத்தின் மேல் ஏறத்தாழ 38 இலட்சம் லிட்டர் தண்ணீர். அதி கனமழை 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே தொடங்குகிறது. பெய்ததோ அதனைப் போல நான்கு மடங்குக்கும் மேல். ஆகவே, திரையில் தோன்றும் சிவப்பு ஒன்றே 21 சென்டிமீட்டரையும் 95 சென்டிமீட்டரையும் வேறுபடுத்திக் காட்டாது. நிறத்தின் பக்கத்தில் அளவுகோலும் வேண்டும் என்பது இதனால் தெளிவாகும்.

திரையில் இருக்க வேண்டியவை

1. ஊரின் பெயரும், செய்தி வெளியான தேதியும் மணியும். இவை மேலே, பெரிய எழுத்தில் இருத்தல் வேண்டும்.

2. எச்சரிக்கை நிறம். நிறத்தோடு வடிவமும் சொல்லும் சேர்ந்திருக்க வேண்டும். பச்சையையும் சிவப்பையும் பிரித்தறிய இயலாத கண் குறை ஆடவரிற் சிலர்க்கு உண்டு. புயல் கூண்டு பகலில் வடிவத்தை நம்பி நிற்பதுபோல், திரையும் வட்டம், முக்கோணம் முதலிய வடிவங்களையும், ‘ஆயத்தம்’ போன்ற ஒரு சொல்லையும் உடன் காட்டுமாயின், நிறம் தெரியாதவரும் ஏமாற மாட்டார்.

3. வரும் மூன்று நாட்களின் மழை, மூன்று தூண்களாக. மழை மிகுந்தால் தூண் உயரும். முன்னறிவிப்பு ஒரே எண்ணன்று, ஒரு வீச்சு, ஆதலின் 72.4 என்றெழுதுவது பொய்யான துல்லியமாகும். கனமழை, மிகக் கனமழை, அதி கனமழை என்னும் கோடுகளைக் குறுக்கே வரைந்து, தூண் எந்தக் கோட்டுக்கு இடையே நிற்கிறது என்று காட்டுவதே நேர்மை. பெய்து முடிந்த மழையை வேறொரு தூணாக, அளந்த எண்ணோடு காட்டலாம். அத்தூணின் உச்சி திரையின் விளிம்பில் வெட்டுண்டு போகாதபடி அளவுகோல் அமைய வேண்டும்.

4. காற்று. அம்புக்குறி மட்டும் போதாது. காற்று வரும் திசையையா, போகும் திசையையா அது காட்டுகிறது என்னும் ஐயம் எழும். வாடை, கொண்டல், கச்சான் என்று கரையோரத்தார் வழங்கும் பெயரை எழுதிவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை.

5. செய்ய வேண்டிய காரியம், ஒரே வரியில். ‘கொடிக்கால் வடிகாலைத் திறந்து வைக்கவும்’, ‘வாழைக்கு முட்டுக் கொடுக்கவும்’, ‘இன்று மருந்து தெளிக்க வேண்டாம்’ என்றாற்போல் இருக்கலாம். இவ்வரியை வேளாண்மைத் துறை வெளியிடும் ஆலோசனையிலிருந்து எடுக்க வேண்டுமேயன்றிச் செயலி தானே புனைதல் கூடாது.

தவிர்க்க வேண்டியவை

ஓடும் மேகப் படம், விளம்பரம், பல ஊர்ப் பட்டியல், பத்து நாட்களுக்கு அப்பாற்பட்ட ஆரூடம் ஆகியவை இத்திரையில் வேண்டா. அவற்றை விரும்புவோர் வேறிடத்தில் காணலாம். எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. திரையில் உள்ளதைக் கிராம அலுவலர் சுண்ணக்கட்டி கொண்டு சில நிமிஷங்களில் கரும்பலகையில் எழுதிவிட முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியுமாயின் திரை சரியானது. முடியாதாயின் அதில் வேண்டாதது புகுந்துள்ளது. ஓர் உழவு மழை, இரண்டு உழவு மழை என்று நிலத்தில் ஈரம் இறங்கிய ஆழத்தைக் கொண்டு மழையைச் சொல்லும் வழக்கு நம் நாட்டில் உண்டு. கேட்டவுடன் வேலை விளங்கும்படி சொல்வதே அவ்வழக்கின் சிறப்பு. திரைக்கும் அதுவே இலக்கணம்.

செய்தி அறுந்தபோது

2023ஆம் ஆண்டு வெள்ளத்தில் அப்பிரதேசத்தின் அநேக கிராமங்களில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் நின்றுபோயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், முன்னே தண்டவாளத்தின் அடிமண் அரிக்கப்பட்டமையால் 17ஆம் தேதி இரவு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 800 பயணிகள் அங்கே சிக்கினர்; எஞ்சியிருந்தோர் 19ஆம் தேதி மீட்கப்பட்டனர். வழி பழுதென்று தெரிந்து வண்டியை நிறுத்தியதே அவர்களுடைய உயிரைக் காத்தது. வழி நன்றாயிருப்பதாக முந்திய நாள் கிடைத்த செய்தியை நம்பி வண்டி சென்றிருப்பின் நேர்ந்திருக்கக்கூடியதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கணினித் திரையின் பெரிய அபாயமும் இதுவே. தொடர்பு அறுந்த பின்னும், நேற்றுக் காலையின் பச்சை நிறம் திரையில் அப்படியே ஒளிவிட்டுக்கொண்டிருக்கும். பார்ப்பவர் அதனை இன்றைய நிலை என்று கொள்வர். எனவே செய்தி பழையதாக ஆக, படம் தானே மங்க வேண்டும். ஆறு மணி நேரம் புதுச் செய்தி வாராவிடின் நிறம் நீங்கிச் சாம்பல் நிறமாதல் நன்று. ஒரு நாள் கடந்துவிட்டால் படமே மறைந்து, ‘செய்தித் தொடர்பு அறுந்தது’ என்ற சொற்கள் மட்டும் நிற்க வேண்டும். துறைமுகத்தின் 11ஆம் எண் கூண்டுக்கு ஒப்பானது இது. அச்சொற்களைக் காணும் அலுவலர் நன்னிலை என்று எண்ணாமல், ஆற்று நீரையும் குளத்துக் கரையையும் நேரில் பார்க்க ஆளனுப்புவார்.

செய்தி கிடைக்கும் இடங்கள்

இத்தகைய செயலி தானே வானிலையைக் கணிக்க வேண்டுவதில்லை. அரசாங்கம் வெளியிடுவதைத் தெளிவாகக் காட்டினாற் போதும். வானிலை ஆய்வுத் துறை மாவட்ட எச்சரிக்கைகளையும், சில மணி நேரத்துக்குரிய உடனடி அறிவிப்புகளையும் வெளியிட்டு வருகிறது. விவசாயிகளுக்கென்று ‘மேகதூத்’ என்னும் கைப்பேசிச் செயலி 2019ஆம் ஆண்டில் ஏற்பட்டது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் தேதி முதல் கிராம ஊராட்சி அளவிலான முன்னறிவிப்பும் தொடங்கப்பட்டது. காயல்பட்டினத்துக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் இடையே ஒரே நாளில் 33 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தமையை நோக்கினால், தம் ஊருக்குரிய செய்தியின் அருமை புலனாகும். ஆயினும் இடம் சிறுக்கச் சிறுக்க முன்னறிவிப்புத் தவறுவதற்கும் ஏதுவுண்டு என்பதை மறத்தலாகாது.

ஆகையால், திரை வைத்துள்ள ஒவ்வோர் ஊரிலும் ஒரு மழைமானியும் ஒரு குறிப்புப் புத்தகமும் இருத்தல் அவசியம். தினந்தோறும் காலை 8.30 மணிக்கு மழையை அளந்து, முன்னறிவித்தது ஒரு பத்தியிலும் பெய்தது மற்றொரு பத்தியிலும் எழுதி வர வேண்டும். ஒரு பிசான சாகுபடி முடிவதற்குள், அச்செய்தியை எவ்வளவு நம்பலாம், எப்போது ஐயுறலாம் என்பது அவ்வூர் விவசாயிகளுக்கு விளங்கிவிடும். ஐப்பசி மழைக்கு முன்னரே கிராம அலுவலர்கள் இவ்வேற்பாட்டைச் செய்து, திரையில் காண்பதைச் சாவடிக் கரும்பலகையிலும் எழுதி வைப்பார்களாயின், கணினி அறியாதவரும் பயனடைவர்.