இசைத்தட்டை நீச்சல் குளத்தில் வீசிய பாடகர்!
14 மாதம் பாடுபட்டு முடித்ததை ஒரு நொடியில் தூக்கி எறிந்தார்

ராத்திரி முழுக்க முழிப்பது போலீஸ்காரர்களும் அச்சுக்கூடத்துக்காரர்களும்தான் என்று நினைத்திருந்தேன். பாட்டுக்காரர்கள் அதற்கும் மேலே!

1975-ம் ஆண்டு ஜூலை 19-ந் தேதி ராத்திரி. அமெரிக்காவில் நியூயார்க் நகரம். 'ரிக்கார்டு பிளான்ட்' என்ற ஒலிப்பதிவுக்கூடம்.

ஒரு அறையில் ஒருவர் சாக்சபோன் ஊதிக்கொண்டு இருக்கிறார். இன்னொரு அறையில், பதிவு செய்த பாட்டுக்கு ஓசை அளவு கூட்டிக் குறைத்துச் சரி செய்கிறார்கள். வேறொரு இடத்தில் கச்சேரிக்கு ஒத்திகை!

காரணம் என்ன? மறுநாள் சாயங்காலம் பிராவிடன்ஸ் நகரில் கச்சேரி. சுமார் 180 மைல் போகவேண்டும். டிக்கெட் விற்றாகிவிட்டது. இசைத்தட்டு வேலையோ முடியவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் நின்றவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். வயது 25. நியூ ஜெர்சி மாநிலத்துக்காரர். அப்பா பஸ் ஓட்டினார், தொழிற்சாலையில் வேலை பார்த்தார், ஜெயில் காவலராகவும் இருந்தார். அம்மா வக்கீல் ஆபீசில் வேலை பார்த்தார்.

கடைசி வாய்ப்பு

ஸ்பிரிங்ஸ்டீன் 1973-ல் 2 இசைத்தட்டு வெளியிட்டார். பத்திரிகைக்காரர்கள் புகழ்ந்தார்கள். கடையில் விற்கவில்லை. கொலம்பியா கம்பெனிக்குச் சலிப்பு வந்துவிட்டது. 3-வதும் படுத்தால் மூட்டை கட்டவேண்டியதுதான்.

அந்த 3-வது தட்டின் பெயர் 'பார்ன் டு ரன்'. ஓடவே பிறந்தவன் என்று அர்த்தம்.

முதலில் அந்தப் பெயர் கொண்ட பாட்டை மட்டும் எடுத்தார்கள். ஒரே பாட்டு. 6 மாதம்! 1974-ல் புளோவெல்ட் என்ற சின்ன ஊரில் பதிவு நடந்தது. அங்கே இருந்த பியானோ சுருதியில் நிற்காது. பாதிப் பாட்டில் மக்கர் செய்யும்.

பாட்டு முடிந்த கையோடு டிரம்ஸ்காரரும் பியானோக்காரரும் விலகிப் போனார்கள். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துப் புது ஆள் பிடித்தார்கள். அப்படி வந்தவர்கள்தான் மாக்ஸ் வெயின்பெர்க்கும் ராய் பிட்டனும்.

ஜான் லாண்டவ் என்ற பத்திரிகை விமர்சகர் நண்பர் ஆனார். இந்த இடத்தில் இருந்தால் தட்டு வராது, நல்ல கூடத்துக்குப் போ என்றார். அவரே தயாரிப்பிலும் சேர்ந்துகொண்டார். (பத்திரிகைக்காரன் சொல்லை ஒருவர் கேட்டாரே!)

16 மணி நேரம் ஊதினார்

கடைசிப் பாட்டு 'ஜங்கிள்லாண்ட்'. அதில் சாக்சபோன் தனியாக வரும் இடம் கொஞ்ச நேரம்தான். கேட்டால் 3 நிமிடம் கூட ஆகாது.

கிளாரன்ஸ் கிளமன்ஸ் அதற்காக 16 மணி நேரம் ஊதினார்! நல்ல வாட்டசாட்டமான ஆள். அவர் பக்கத்தில் நின்று, இந்த ஸ்வரம் வேண்டாம், அதைக் கொஞ்சம் இழு, இதைக் குறை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார் ஸ்பிரிங்ஸ்டீன். உதடு என்ன கதி ஆகியிருக்கும்? வாசிக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு பாட்டில் கொம்பு வாத்தியக்காரர்கள் ஊதியது சரிப்படவில்லை. பெரிய வித்வான்கள். யார் சொல்வது? வேடிக்கை பார்க்க வந்திருந்த பழைய தோழர் ஸ்டீவ் வான் சான்ட், நன்றாக இல்லை என்று பட்டென்று சொல்லிவிட்டார். சரி, நீயே போய்ச் சொல்லிக்கொடு என்றார்கள். அவர் போய் ஒவ்வொருவருக்கும் வாயாலேயே பாடிக் காட்டினார். வேலை முடிந்தது. அந்த ஆளும் குழுவில் சேர்ந்துவிட்டார்!

ஜூலை 20-ந் தேதி காலை. பொழுது விடிந்துவிட்டது. தூக்கம் இல்லாத கண்ணோடு அப்படியே பிராவிடன்சுக்குப் புறப்பட்டார்கள். அன்று சாயங்காலம் மேடை ஏறினார்கள்.

தட்டு பறந்தது

அப்புறம்தான் வேடிக்கை. சுற்றுப்பயணத்தில் இருந்தபோது மாதிரித் தட்டு ஓட்டலுக்கு வந்தது. போட்டுக் கேட்டார். முகம் சுருங்கியது. தட்டை எடுத்தார். ஓட்டல் நீச்சல் குளத்தில் வீசினார்!

இதை வெளியிடவே வேண்டாம், மேடைக் கச்சேரியையே பதிவு செய்து தட்டாகப் போடலாம் என்றார். கூட இருந்தவர்கள் ஆடிப்போனார்கள்.

லாண்டவ்தான் சமாதானம் செய்தார். சக் பெர்ரி போன்ற பெரிய பாடகருக்குக்கூடத் தன் பழைய பாட்டைக் கேட்டால் இதை மாற்றியிருக்கலாமே என்று தோன்றாதா, அதற்காக வெளியிடாமல் இருந்தாரா என்று கேட்டார். ஸ்பிரிங்ஸ்டீன் இறங்கி வந்தார்.

ஆகஸ்டு 13 முதல் 17 வரை நியூயார்க் 'பாட்டம் லைன்' அரங்கில் 5 நாளில் 10 கச்சேரி. ஒரு கச்சேரியை ரேடியோவில் நேரடியாக ஒலிபரப்பினார்கள். ஆகஸ்டு 25-ந் தேதி தட்டு கடைக்கு வந்தது. மொத்தம் 8 பாட்டு. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 3-வது இடம் பிடித்தது. அக்டோபர் 27-ந் தேதியிட்ட 'டைம்', 'நியூஸ்வீக்' இரண்டு பத்திரிகைக்கும் அட்டையில் அவர் படம்தான்!

பணம் வந்ததும் வம்பும் வந்தது. 1976-ல் அவருக்கும் அவருடைய மானேஜர் மைக் அப்பெலுக்கும் கோர்ட்டில் வழக்கு. சுமார் ஒரு வருடம் புதுத் தட்டுக்கு ஒலிப்பதிவுக்கூடத்தில் கால் வைக்க முடியவில்லை. ஊர் ஊராகக் கச்சேரி செய்துதான் குழு பிழைத்தது. 1977-ல் சமரசம் ஆனது. அடுத்த தட்டு வெளிவந்தபோது 1978 ஜூன் ஆகிவிட்டது.