எலும்புகள் உரைக்கும் உண்மை

சுவீடன் நாட்டின் மேலாரன் ஏரியில் பியோர்க்கோ என்னும் தீவு உள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அத்தீவில் பிர்கா என்னும் வணிக நகரம் சிறந்து விளங்கியது. அங்கு 1878ஆம் ஆண்டில் யால்மார் ஸ்டோல்ப்பே என்பவர் கல்லறை ஒன்றை அகழ்ந்தார். மனித எலும்புக்கூட்டுடன் வாள், கோடரி, ஈட்டிகள், அம்புகள், கேடயங்கள், விளையாட்டுக் காய்கள் ஆகியவையும் இரண்டு குதிரைகளின் எலும்புகளும் அதில் இருந்தன. இவற்றைக் கண்டோர், அங்கு அடக்கம் செய்யப்பட்டவர் ஓர் ஆண் வீரரே என்று கருதினர். அக்கருத்து நெடுங்காலம் நிலைத்திருந்தது.

கல்லறையில் ஆயுதம் இருந்தால் ஆண் என்றும், அணிகலன் இருந்தால் பெண் என்றும் கொள்வது அக்கால வழக்கம். இவ்வாறு கொண்ட பின்னர், “பண்டைக் காலத்தில் ஆண்களே போரிட்டனர்” என்பதற்கு அதே கல்லறைகள் சான்றாகக் காட்டப்பட்டன. எடுகோளே முடிவாகவும் மாறியது. இடுப்பெலும்பின் வடிவம் பாலினத்தை அறிய உதவும். எனினும், எலும்புகள் சிதைந்திருந்தாலோ, இறந்தவர் குழந்தையாக இருந்தாலோ அம்முறை பயன்படுவது அரிது.

இக்குறையைத் தொல்மரபணு ஆய்வு பெரிதும் நீக்கியது. பல், எலும்பு ஆகியவற்றின் உட்பகுதியில் டி.என்.ஏ. சிறுசிறு துண்டுகளாக எஞ்சியிருக்கும். அறிஞர்கள் அதனைத் துளையிட்டுத் தூளாக்கிப் பிரித்தெடுக்கின்றனர். பொதுவாகப் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உண்டு; ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய் உண்டு. கிடைத்த துண்டுகளில் ஒய் குரோமோசோமுக்கு உரியவை எவ்வளவு எனக் கணக்கிட்டுப் பாலினத்தை அறிகின்றனர்.

பிர்காவில் கிடைத்த எலும்புகள் பெண்ணுடையவை ஆகலாம் என்று 1970களிலேயே கூறப்பட்டது. ஆயினும் அது ஏற்கப்படவில்லை. 2017ஆம் ஆண்டில் சார்லட் ஹெடன்ஸ்டியர்னா-யோன்சன் தலைமையிலான குழுவினர் பல்லையும் கை எலும்பையும் ஆய்ந்தனர். ஒய் குரோமோசோம் காணப்படவில்லை. ஆயுதங்களோடு அடக்கம் செய்யப்பட்டவர் ஒரு பெண்ணே என்பது தெளிவாயிற்று. உடனே ஐயங்களும் எழுந்தன. அருகில் ஆயுதம் இருந்தமையால் மட்டும் அவர் போரிட்டார் என்று கூற இயலுமா எனச் சிலர் வினவினர். அவ்வினா தக்கதே. ஆயினும், ஆண் என்று கருதியவரை அந்நாளில் எவரும் அவ்வாறு வினவவில்லை என்பதும் எண்ணத்தக்கது.

மரபணு, குடும்ப அமைப்பையும் காட்டும். மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. தாயிடமிருந்தே மக்களுக்கு வருகிறது. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு வருகிறது. ஜெர்மனியின் லெக் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த குடும்பங்களைப் பற்றிய ஆய்வு 2019இல் வெளிவந்தது. அங்கு ஆண்கள் தந்தைவழியில் உறவினராக இருந்தனர். பெண்கள் பலர் வெளியூரிலிருந்து வந்தவர்கள். இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில் 2000 ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை வேறாக இருந்தது. அங்குள்ள இடுகாட்டில் பெரும்பாலோர் ஒரே தாய்வழி மரபினர் என்று 2025இல் வெளியான ஆய்வு காட்டியது. பெண்கள் பிறந்த ஊரிலேயே வாழ்ந்தனர். ஆண்களே மணம் புரிந்து அங்கு வந்தனர் என அறிஞர் கருதுகின்றனர்.

வெப்பம் மிகுந்த நாடுகளில் டி.என்.ஏ. விரைவில் சிதைகிறது. அரியானாவின் இராக்கிகடியில் அறுபதுக்கும் மேற்பட்ட மாதிரிகள் ஆராயப்பட்டும், சிந்துவெளிப் பெண் ஒருவரின் மரபணு மட்டுமே பயன்படும் அளவில் கிடைத்தது.

ஒருவர் பெண்ணா, ஆணா என்பதை மரபணு கூறும். அவர் எத்தொழில் செய்தார், எம்மதிப்புப் பெற்றார் என்பதை அது தனித்துக் கூறாது. அவற்றைக் கல்லறைப் பொருள்கள், எலும்பிலுள்ள காயங்கள், உணவின் தடயங்கள் ஆகியவற்றோடு சேர்த்தே அறிதல் வேண்டும். எல்லாச் சமுதாயங்களிலும் ஆண், பெண் நிலை ஒன்றாகவே இருந்ததில்லை என்பதை இவ்வாய்வுகள் உணர்த்துகின்றன. நம் கால வழக்கத்தைக் கொண்டு முன்னோரின் வாழ்வை அளத்தல் தகாது. சான்றைக் கண்ட பின்னரே முடிவு கூறுதல் அறிவுடைமையாகும்.